விளிக்கப்பட்டவள் விடை பகர்ந்தபோது: ராக்ஸேன் ஷான்டேயும் அமெரிக்கச் சொல்லிசையின் மறுமொழிப் பாடல் மரபும்

முன்னுரை

ஆடவர் பாடும் பாடலில் பெயர் சுட்டி விளிக்கப்படும் பெண் அப்பாடலுக்குள் பேசுவதில்லை. அவளுடைய அழகு பேசப்படும். அவள் காட்டிய அலட்சியம் பழிக்கப்படும். அவள் மறுத்ததும்கூடப் பாடுவோன் வாயிலாகவே கேட்போரை வந்தடையும். 1984ஆம் ஆண்டின் இறுதியில் நியூயார்க் நகரில் வெளிவந்த ஓர் இசைத்தட்டு இந்நிலையை மாற்றியது. அதில் ஒலித்த குரல் பதினான்கு வயதுப் பெண்ணொருத்தியினுடையது. லோலிடா ஷான்டே குடன் என்பது அவருடைய இயற்பெயர். ராக்ஸேன் ஷான்டே என்னும் பெயராலேயே இசையுலகம் அவரை அறியும்.

ராப் எனப்படும் சொல்லிசையின் பெண் முன்னோடிகளுள் ஒருவராக ஷான்டே போற்றப்படுகிறார். முன்னோடி என்னும் சொல் பெரும்பாலும் காலத்தால் முற்பட்டவரையே குறிக்கும். ஷான்டே அவ்வாறு முற்பட்டவர் அல்லர். பாடலில் கேட்பவளாக மட்டும் வைக்கப்பட்டிருந்தவளைக் கூற்று நிகழ்த்துபவளாக மாற்றியதிலேயே அவருடைய முன்னோடித் தன்மை அமைந்துள்ளது. அம்மாற்றத்தை நிகழ்த்தியவர் தம் பெயர், சொல், ஊதியம், வரலாறு ஆகியவற்றின் மீது எவ்வளவு உரிமை பெற்றார் என்பது வேறொரு வினா. இவ்விரண்டையும் ஒருங்கே நோக்குவது இக்கட்டுரையின் நோக்கம்.

சொல்லிசையில் பெண்கள்

ஹிப்-ஹாப் பண்பாட்டின் தொடக்கமாக 1973 ஆகஸ்டு 11 அன்று நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் நடைபெற்ற ஒரு விருந்தைக் குறிப்பது வழக்கம். இசைத்தட்டுகளைச் சுழற்றிய கூல் ஹெர்க் வரலாற்றில் இடம்பெற்றார். அவ்விருந்தை ஏற்பாடு செய்தவர் அவருடைய தங்கை சிண்டி கேம்பெல் என்பது நெடுங்காலம் அடிக்குறிப்பு அளவிலேயே நின்றது. சொல்லிசையை இசைத்தட்டு வணிகமாக்கிய சுகர் ஹில் நிறுவனத்தை நடத்தியவர்களுள் முதன்மையானவர் சில்வியா ராபின்சன் என்னும் பெண்மணி. 'தி சீக்வென்ஸ்' என்னும் மூன்று பெண்கள் குழு 1979ஆம் ஆண்டிலேயே தன் முதற்பாடலை அந்நிறுவனத்தின்வழி வெளியிட்டது. 'ஃபங்கி 4 பிளஸ் 1' குழுவில் எம்.சி. ஷா-ராக் ஆடவர் நால்வரோடு சமநிலையில் பாடினார். 1981இல் தேசியத் தொலைக்காட்சியிலும் தோன்றினார்.

ஆகவே பெண்குரல் ஷான்டேக்கு முன்பே ஒலித்தது. ஆனால் பெருமளவில் அது குழுக்குரலாகவும் கொண்டாட்டக் குரலாகவும் இருந்தது. ஒரு குறிப்பிட்ட ஆடவர் பாடலை எடுத்துக்கொண்டு அதன் கூற்றை வரிசையாக மறுத்துரைத்து, அம்மறுப்பாலேயே பெரும்புகழ் எய்திய தனிக்குரல் ஷான்டேயினுடையது.

மறுமொழிப் பாடலும் புதிதன்று. ஹாங்க் பல்லார்ட் 1954இல் 'ஆனி' என்னும் பெண்ணை விளித்துப் பாடிய பாடலுக்கு மறுமொழியாக எட்டா ஜேம்ஸ் 1955இல் பாடிய 'தி வால்ஃபிளவர்' அவருக்குப் புகழ் தேடித்தந்த முதற்பாடல். வெள்ளையரின் நாட்டுப்புற இசையில் 1952இல் கிட்டி வெல்ஸ் பாடிய புகழ்பெற்ற பாடலும் ஓர் ஆடவர் பாடலுக்கான மறுப்பே. நம் எசப்பாட்டு மரபை அறிந்தோர்க்கு இவ்வடிவம் அயலாகத் தோன்றாது. எனினும் ஒரு வேறுபாட்டை மறத்தலாகாது. எசப்பாட்டில் இருதரப்பினரும் ஒரே களத்தில் நின்று பாடுவர். அவையோர் இருவரையும் உடனுக்குடன் கேட்பர். இசைத்தட்டு வழி மறுமொழியில் களம் வணிகத்தினுடையது. எதிராளியின் தாளத்தையே எடுத்தாண்டால் வழக்குரைஞரின் கடிதம் வரும்.

வசை விளையாட்டு

இப்பாடல்களின் வேர் ஆப்பிரிக்க அமெரிக்கரின் வாய்மொழி மரபாகிய 'டசன்ஸ்' என்னும் வசை விளையாட்டில் உள்ளது. இருவர் மாறிமாறி ஒருவரையொருவர் பழித்துரைப்பர். சூழ நிற்போரின் சிரிப்பே தீர்ப்பு. ரோஜர் ஆபிரகாம்ஸ் பிலடெல்பியாவிலும், வில்லியம் லபோவ் ஹார்லம் பகுதியிலும் திரட்டிய தரவுகள் இவ்விளையாட்டின் இலக்கணத்தை வெளிப்படுத்தின. லபோவ் சுட்டும் ஒரு நுட்பம் நம் பொருளுக்கு இன்றியமையாதது. விளையாட்டு வசை உண்மையன்று என்பதை இருதரப்பும் அறிந்திருப்பதால் அதை எவரும் மறுப்பதில்லை. அதனினும் மேலான வசையால் விடையளிப்பர். உண்மையாக இருக்கக்கூடிய ஒன்று வசையாக வந்துவிட்டால் விளையாட்டு முறிந்துவிடும். கேட்டவர் தம்மைத் தற்காத்துக்கொள்ள முற்படுவார்.

இத்தரவுகள் பெரும்பாலும் ஆடவரிடமிருந்தும் சிறுவர் குழுக்களிடமிருந்தும் பெறப்பட்டவை. இதனால் வசைத்திறம் ஆடவர்க்கே உரியது என்னும் கருத்து ஆய்வுலகில் ஊன்றிவிட்டது. ஓக்லண்ட் நகரில் களப்பணி செய்த கிளாடியா மிட்செல்-கெர்னன் 1970களின் தொடக்கத்திலேயே பெண்கள் உரையாடலிலும் குறிப்பு வசை செழித்திருந்ததைக் காட்டியிருந்தார். நாட்டார் வழக்காற்றில் தரவாளர் எவர் என்பதே முடிவைத் தீர்மானித்துவிடும் என்பதற்கு இது நல்லதொரு சான்று. ஷான்டேயின் திறம் 1984இல் பலருக்கு வியப்பளித்ததற்கு அவ்வூன்றிய கருத்தும் ஒரு காரணம் எனலாம்.

பாடல் பிறந்த சூழல்

ஷான்டே 1969 நவம்பர் 9 அன்று பிறந்தவர். வளர்ந்த இடம் குவீன்ஸ் பகுதியிலுள்ள குவீன்ஸ்பிரிட்ஜ் அரசுக் குடியிருப்பு. 1939இல் திறக்கப்பட்டதும் மூவாயிரத்துக்கு மேற்பட்ட வீடுகளைக் கொண்டதுமான இது வட அமெரிக்காவின் மிகப்பெரிய அரசுக் குடியிருப்பு. பின்னாளில் சொல்லிசை வரலாற்றில் பெரும்பெயர் பெற்ற பலர் இங்கிருந்து வந்தனர். இசையமைப்பாளர் மார்லி மார்ல் அவர்களுள் ஒருவர்.

யூ.டி.எஃப்.ஓ. என்னும் ஆடவர் குழு 1984இல் 'ராக்ஸேன், ராக்ஸேன்' என்னும் பாடலை வெளியிட்டது. இசைத்தட்டின் மறுபக்கப் பாடலாக வந்து முதற்பக்கத்தை மறக்கச் செய்த பாடல் அது. மூவர் அடுத்தடுத்து ராக்ஸேன் என்னும் பெண்ணை அணுகித் தத்தம் பெருமையை எடுத்துரைக்கின்றனர், அவள் எவரையும் பொருட்படுத்துவதில்லை, அதனால் பழிக்கப்படுகிறாள். பாடல் முழுவதும் அவளைப் பற்றியதே, அவளோ பேசுவதில்லை.

வானொலி அறிவிப்பாளர் மிஸ்டர் மேஜிக், மேலாளர் டைரோன் வில்லியம்ஸ், மார்லி மார்ல் ஆகியோர் தொடர்புகொண்டிருந்த ஒரு நிகழ்ச்சிக்கு வர ஒப்புக்கொண்ட யூ.டி.எஃப்.ஓ. குழுவினர் வராமற்போயினர். அவர்கள் இதுபற்றிக் குறைபட்டுக்கொண்டதைக் கேட்ட ஷான்டே, அக்குழுவுக்கு எதிராகத் தாமே பாடுவதாக முன்வந்தார். அழுக்குத் துணிகளைத் துவைக்கச் செல்லும் வழியில் மார்லி மார்ல் வீட்டுக்குச் சென்று பாடிவிட்டு வந்ததாகப் பின்னாளில் பலமுறை சொல்லப்பட்டுள்ளது. பாடலின் பெரும்பகுதி அங்கேயே புனையப்பட்டு ஒரே மூச்சில் பதிவானது. 'ராக்ஸேன்ஸ் ரிவெஞ்ச்', அதாவது ராக்ஸேனின் பழிவாங்கல், எனப் பெயரிடப்பட்ட அது பிலடெல்பியாவின் பாப் ஆர்ட் நிறுவனத்தின்வழி வெளிவந்தது.

பாடலின் அமைப்பு மூலப்பாடலை அப்படியே பின்பற்றியது. மூல ஆடவர் மூவரையும் ஒருவர்பின் ஒருவராக எடுத்துக்கொண்டு, ஒவ்வொருவரும் தம்மைப் பற்றிச் சொல்லிக்கொண்ட பெருமையையே அவரவர்க்கு எதிரான வசையாக ஷான்டே திருப்புகிறார். தொப்பி நிறுவனம் ஒன்றின் பெயரைத் தம் பெயராகச் சூடியிருந்த கேங்கோல் கிட் என்பவரைப் பெயர் சொல்லாமல், அத்தொப்பியாலேயே சுட்டுகிறார். குரலோ சிறுமியின் கீச்சுக்குரல். கனத்த குரலே சொல்லிசைக்கு அழகெனக் கருதப்பட்ட நாளில் இக்குரல் குறையாகவே கொள்ளப்பட்டிருக்க வேண்டும். ஆனால் வசையின் கூர்மையும் குரலின் இளமையும் முரண்பட்டு நின்றதாலேயே கேட்போர் சிரித்தனர். டசன்ஸ் விளையாட்டில் சிரிப்பே வெற்றி என்பதை நினைவிற்கொள்ள வேண்டும்.

நியூயார்க் வட்டாரத்தில் மட்டும் 2,50,000 படிகளுக்கு மேல் இப்பாடல் விற்றதாகக் குறிக்கப்படுகிறது. மூலப்பாடலின் தாளத்தை அப்படியே பயன்படுத்தியதால் சட்டச் சிக்கல் எழுந்தது. 1985இல் தாளம் மாற்றப்பட்டு, வசைச் சொற்கள் நீக்கப்பட்டு மற்றொரு வடிவம் வெளியிடப்பட்டது.

பெயருக்கான போர்

தொடர்ந்து நடந்தவை 'ராக்ஸேன் போர்கள்' என வழங்கப்படுகின்றன. யூ.டி.எஃப்.ஓ. குழுவும் அதன் இசையமைப்பாளர்களான ஃபுல் ஃபோர்ஸ் குழுவினரும் தங்கள் தரப்பில் ஒரு பெண்ணை நிறுத்தி 'உண்மையான ராக்ஸேன்' என்னும் பெயரில் பாட வைத்தனர். கற்பனைப் பெண்ணொருத்திக்கு உண்மை வடிவம் எது என்னும் வழக்கு இங்ஙனம் தொடங்கியது! புரூக்ளினைச் சேர்ந்த ஸ்பார்க்கி டீ ஷான்டேக்கு எதிராகப் பாடினார்; இருவரும் எதிரெதிர் நின்று பாடிய பதிவும் 1985இல் வெளிவந்தது. பின்னர் ராக்ஸேனின் பெற்றோர், உடன்பிறந்தோர், மருத்துவர் என்று பலர் பெயரால் பாடல்கள் பெருகின. முப்பது முதல் நூற்றுக்கு மேல் வரை இவற்றின் எண்ணிக்கை பலவாறாகக் கணிக்கப்படுகிறது. ராக்ஸேன் பெண்ணே அல்லள், ஆணே எனப் 'போட்டுடைத்த' பாடலும், போதும் இந்த ராக்ஸேன் என்று அலுத்துக்கொண்ட பாடலும் அவற்றுள் அடக்கம்.

இவற்றை வெறும் வணிகக் கேலிக்கூத்து எனத் தள்ளிவிட இயலாது. பேசத் தொடங்கிய பெண்ணை எவ்வாறு எதிர்கொள்வது என்னும் தடுமாற்றம் இவ்வரிசை நெடுகிலும் தெரிகிறது. முதலில் அவளுக்கு மாற்றாக வேறொரு பெண்ணை நிறுத்துகின்றனர். பின்னர் அவளைக் குடும்பத்தாரின் பொறுப்பில் ஒப்படைக்கின்றனர். ஒரு கட்டத்தில் அவள் பெண் என்பதையே மறுக்கின்றனர். அகப்பாடலில் தலைமக்கள் எவரையும் இயற்பெயர் சுட்டிக் கூறலாகாது என்பது நம் இலக்கண மரபு. அம்மரபிற் பயின்ற கண்ணுக்கு, ஒரு பெயரின் மீது இவ்வளவு பேர் உரிமை கோரும் காட்சி புதுமையாகவே தோன்றும். ஷான்டேயைப் பொறுத்தவரை அப்பெயர் எதிராளியிடமிருந்து பறித்துக்கொண்ட பெயர். வாழ்நாள் முழுவதும் அது அவரோடு ஒட்டிக்கொண்டது.

இதே வழியில் வேறு பெண்களும் சொல்லிசைக்குள் நுழைந்தனர் என்பது கவனிக்கத்தக்கது. பின்னர் சால்ட்-என்-பெப்பா எனப் புகழ்பெற்ற பெண்களின் முதற்பாடலும் 1985இல் டக் ஈ. ஃபிரெஷ், ஸ்லிக் ரிக் ஆகியோரின் பாடலுக்கு மறுமொழியாகவே வந்தது. ஒலிப்பதிவு நிறுவனங்கள் பெண்ணுக்குத் தாமாகக் களம் அமைத்துத் தராத நிலையில், ஏற்கெனவே புகழ்பெற்ற ஆடவர் பாடலின் தோளிலேறி நுழைவது நடைமுறை வாயிலாயிற்று. அந்த வாயிலுக்கு ஒரு விலையும் இருந்தது. மறுமொழி கூறுபவர் எப்போதும் இரண்டாவதாகப் பேசுபவராகவே எண்ணப்பட்டார்.

1985இல் நியூயார்க்கில் நடைபெற்ற 'நியூ மியூசிக் செமினார்' மாநாட்டின் சொல்லிசைப் போட்டியில் ஷான்டே இறுதிச்சுற்று வரை முன்னேறினார். அதில் பிஸி பீ என்பவரிடம் தோற்றார். பெண் என்பதற்காகவே நடுவர் ஒருவர் தமக்கு மதிப்பெண்ணைக் குறைத்ததாக அவர் பின்னாளில் கூறியுள்ளார். தோல்வியைவிட அக்காரணமே அவரை நெடுங்காலம் வருத்தியதாக அவருடைய பேச்சுகளிலிருந்து உணரமுடிகிறது.

கூற்று யாருடையது

மார்லி மார்லைச் சுற்றி அமைந்த 'ஜூஸ் க்ரூ' குழுவில் பிக் டாடி கேன், பிஸ் மார்க்கி, எம்.சி. ஷான், கூல் ஜி ராப் முதலானோர் இருந்தனர். குழுவின் தொடக்கப் புகழுக்கு ஷான்டேயின் வெற்றி பெருந்துணை. 1987இல் அவர் பாடிய 'ஹேவ் எ நைஸ் டே' குவீன்ஸ்பிரிட்ஜுக்கும் பிராங்க்ஸைச் சேர்ந்த பூகி டவுன் புரொடக்ஷன்ஸ் குழுவுக்கும் இடையே நடந்த பாடற்போரின் ஒரு கணை. இப்பாடலையும் அடுத்து வந்த 'கோ ஆன் கேர்ள்' பாடலையும் எழுதியவர் பிக் டாடி கேன்.

களத்திலேயே புனைந்து பாடியதால் புகழ்பெற்றவர் பிறர் எழுதியதைப் பாடியமை அவருடைய முன்னோடி நிலையைக் குறைக்குமா? சொல்லிசையில் தம் சொல்லைத் தாமே புனைவது மானத்துக்குரிய செய்தி என்பதால் இவ்வினா திரும்பத் திரும்ப எழுப்பப்படுகிறது. ஆடவர் புலவர் பலர் தலைவி கூற்றையும் தோழி கூற்றையும் பாடிய இலக்கியத்தைப் பயில்வோர் இவ்வினாவை வேறு கோணத்தில் நோக்க முடியும். கூற்றுக்குரியவரும் புனைந்தவரும் ஒருவராக இருத்தல் வேண்டுமென்னும் கட்டாயம் எல்லாக் கவிதை மரபுக்கும் பொதுவன்று. கேன் எழுதியது ஷான்டே என்னும் குரலுக்காக. அக்குரலை அவருக்கு முன்னரே படைத்துவிட்டவர் ஷான்டே. எனினும் சங்கப் பாடலில் தலைவிக்குப் பெயரில்லை. இங்கே பாடுபவர் உயிருள்ள ஒரு பெண், அவருக்கு ஊதியமும் உண்டு. ஒப்பீடு இவ்விடத்தோடு நின்றுவிடுகிறது.

அதே பாடற்போரில் 1987இல் வெளிவந்த 'தி பிரிட்ஜ் இஸ் ஓவர்' பாடலில் கே.ஆர்.எஸ்.-ஒன் ஷான்டேயைத் தாக்கிய ஒரு வரி உண்டு. அது அவருடைய பாடுந்திறனைக் குறித்ததன்று, உடலைக் குறித்தது. லபோவ் காட்டிய எல்லைக்கோடு இங்கே நினைவுக்கு வருகிறது. பெண்ணின் ஒழுக்கம் பற்றிய வசை, சூழ நிற்கும் சமூகத்தால் எளிதில் உண்மையெனக் கொள்ளப்படக்கூடியது. ஆகவே ஒரே விளையாட்டில் ஆடவர்க்கும் பெண்ணுக்கும் இடர் ஒன்றாக இல்லை. அவ்விடரை அறிந்தும் ஷான்டே களம் விட்டு நீங்கவில்லை.

1988இல் ரிக் ஜேம்ஸுடன் பாடிய 'லூசீஸ் ராப்' கறுப்பினத்தவர் இசைக்கான பில்போர்டு வரிசையில் முதலிடம் பெற்றது. 'பேட் சிஸ்டர்' என்னும் முதல் முழுத்தொகுப்பு 1989இல்தான் வந்தது. அதற்குள் எம்.சி. லைட்டின் முழுத்தொகுப்பு வெளிவந்துவிட்டது. குவீன் லத்தீஃபாவின் தொகுப்பும் அவ்வாண்டே வந்தது. 1984இல் வாயில் திறந்தவர், ஐந்தாண்டுகள் கழித்து அதன்வழி நுழைந்தவர்களோடு போட்டியிட வேண்டியதாயிற்று. 1992இல் இரண்டாம் தொகுப்பு வந்தது. அதிலுள்ள 'பிக் மாமா' பாடலில் அவர் தமக்குப் பின்வந்த பெண் கலைஞர்களைப் பெயர் சொல்லித் தாக்கினார்.

ஷான்டேயைப் பெண்ணிய முன்னோடியாக மட்டும் காண விழைவோர்க்கு இப்பாடல் இடர் தருவது. 1994இல் 'பிளாக் நாய்ஸ்' நூலை வெளியிட்ட டிரிஷியா ரோஸ், பெண் கலைஞர்களை ஆடவர்க்கு எதிரணியாக மட்டும் நிறுத்திப் பார்ப்பது பொருந்தாது என வாதிட்டார். அவர்கள் ஆடவரோடு இடையறாத உரையாடலில் இருப்பவர்கள் என்பது அவர் கருத்து. இதனோடு ஒன்றைச் சேர்க்கலாம். ஷான்டே முதலில் ஒரு வசைக் கலைஞர். அக்கலையின் அறம் எதிராளியை விட்டுவைக்காமை. அவ்வறத்தை ஆடவரிடம் கடைப்பிடித்தபோது போற்றியவர்கள், பெண்களிடம் கடைப்பிடித்தபோது முகம் சுளித்தனர்.

வாழ்க்கை வரலாறும் சான்றும்

இளமையில் ஷான்டே பட்ட துன்பங்கள் பல. பதின்பருவத்திலேயே தாயானார். வயதில் மூத்த ஆடவர் ஒருவரால் வன்முறைக்கு உள்ளானதை அவரே பொதுவெளியில் பேசியுள்ளார். புகழுக்கு ஏற்ற ஊதியம் கிடைக்கவில்லை என்பதும் அவர் கூற்று. இவற்றை மையமாக்கி மைக்கேல் லார்னெல் இயக்கிய 'ராக்ஸேன் ராக்ஸேன்' திரைப்படம் 2017இல் சன்டான்ஸ் விழாவில் திரையிடப்பட்டது. ஷான்டேயாக நடித்த சான்டே ஆடம்ஸ் அங்குச் சிறப்புப் பரிசு பெற்றார்.

ஆய்வாளர் நின்று நோக்க வேண்டிய இடம் வேறொன்று உண்டு. ஷான்டே ஒலிப்பதிவு ஒப்பந்தத்தின் ஒரு விதியைப் பயன்படுத்தித் தம் கல்விச் செலவை நிறுவனத்தை ஏற்கச் செய்தார், கார்னெல் பல்கலைக்கழகத்தில் உளவியலில் முனைவர் பட்டம் பெற்றார் என்று 2009இல் நியூயார்க் டெய்லி நியூஸ் நாளிதழ் எழுதியது. ஏமாற்றப்பட்ட சிறுமி நிறுவனத்தைச் சட்டத்தாலேயே வென்றாள் என்னும் கதை பலரையும் கவர்ந்து விரைவில் பரவியது. சில நாள்களில் 'ஸ்லேட்' இதழ் இதனை ஆராய்ந்தது. அத்தகைய பட்டம் வழங்கியதற்குப் பல்கலைக்கழகத்திடம் பதிவில்லை. ஒப்பந்த விதிக்கும் சான்று கிட்டவில்லை. நாளிதழ் திருத்தம் வெளியிட நேர்ந்தது.

இந்நிகழ்ச்சியைக் கொண்டு ஷான்டேயை இழித்துரைப்போர் உண்டு. பிழை பிழையே, அதை மறைத்தல் வரலாற்றெழுத்து ஆகாது. ஆனால் ஒரு தொலைபேசி உரையாடலில் உறுதிசெய்திருக்கக்கூடிய செய்தியைச் சரிபாராமல் நாளிதழ் ஏற்றதேன் என்றும் வினவ வேண்டும். அக்கதை வாசகர் கேட்க விரும்பிய கதை. பழிவாங்கலைப் பாடிய பெண்ணுக்கு வாழ்விலும் ஒரு பழிவாங்கல் முடிவு வாய்த்ததாகச் சொல்வது, ஏற்கெனவே வழங்கிய பாடலின் கதையமைப்பையே வாழ்க்கைக்கு ஏற்றுவதாகும். நம் புலவர் வரலாறுகளில் தனிப்பாடலிலிருந்து வாழ்க்கைக் கதை கிளைத்துப் பெருகியதை அறிந்தோர்க்கு இம்முறை தெரிந்ததே. ஷான்டே பற்றிய செய்திகளுள் எவை ஆவணம், எவை பலமுறை சொல்லப்பட்டுத் திரண்ட கதை எனப் பிரித்தறியும் பணி இன்னும் முறையாக நடைபெறவில்லை. துணி துவைக்கச் சென்ற வழி என்னும் செய்தியையும் அவ்வாய்வுக்கு உட்படுத்தத்தான் வேண்டும்.

ஒப்புதல்கள் தாமதமாகவே வந்தன. அண்மைக் காலத்தில் ஷான்டே வானொலி நிகழ்ச்சி நடத்துபவராகப் புதிய தலைமுறைக்கு அறிமுகமானார். 2025இல் கிராமி அமைப்பின் வாழ்நாள் சாதனை விருதைப் பெற்றார். 'ராக்ஸேன்ஸ் ரிவெஞ்ச்' வெளிவந்து அப்போது நாற்பது ஆண்டுகள் கடந்திருந்தன.

பாடவேறுபாடு

மூலபாட ஆய்வில் ஈடுபாடுடையோர்க்கு இங்கே ஒரு பணி காத்திருக்கிறது. 1984இன் வடிவமும் 1985இன் வடிவமும் ஒரே பெயரில் வழங்குகின்றன. முன்னது களத்தில் புனைந்தது; எதிராளியின் தாளத்தின் மீது நின்று எதிராளியைப் பழிப்பது; அந்தத் தாளமே பாதி வசை. பின்னது சட்டத்துக்கு அஞ்சித் திருத்தப்பட்டது. தாளம் வேறு, சொற்களும் அடங்கியவை. இவ்விரண்டையும் அருகருகே வைத்து, நீக்கப்பட்ட சொல், மாறிய தாளம், குரல் ஏறி இறங்கும் இடம் ஆகியவற்றைக் குறிப்போடு பதிப்பித்தால், பதினான்கு வயதுச் சிறுமியின் பேச்சில் எப்பகுதியை வணிகமும் சட்டமும் தாங்கிக்கொள்ள இயலவில்லை என்பது வரிவரியாகப் புலப்படும்.